சின்னதா, பெரிசா

"ஆர்வில் வீட்டுக்குப் போயி ஒரு தட்டு பெரிசு வாங்கிட்டு வந்துரு" என்று அப்பா சொன்னபோது ப்ரின் ஒரு காலில் மட்டும் பூட்ஸ் மாட்டியிருந்தாள். கிடாரிகளுக்கு வைக்கோல் போடக் கிளம்பியவள் அப்படியே வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா மெர்ல் சமையலறைத் தொட்டியில் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முகம் மழித்திருந்தார். அண்ணனுக்கு அப்படி ஆனதிலிருந்து கத்தி படாத முகம் அது. இன்று வழுவழுவென்று இருந்தது, வெட்டுப்பட்ட கன்னத்தில் ஒரு துணுக்குக் காகிதம் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணனோடு இருக்கும் அம்மாவின் நீலக் கோப்பையைக்கூட எடுத்துக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தார். குரலில் ஒரு தெளிவு இருந்தது. அந்தத் தெளிவுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பெரிசா?"

"பெரிசுதான். இல்லன்னு சொல்வான். மேல் அலமாரியில பாக்கச் சொல்லு. கஞ்சப் பய, அங்கதான் ஒளிச்சு வெச்சிருப்பான்."

"எதுக்குப்பா?"

"தாத்தா துப்பாக்கிக்கு." ஒரு கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சும்மா கெடக்குதே, ரெண்டு மூணு தோட்டா போட்டு வெக்கலாம்னு. நரி வருதுன்னு நீதானே சொன்ன."

அவள் சொல்லவில்லை. இந்தக் குளிர்காலத்தில் ஒரு நரியின் கால்தடத்தைக்கூட அவள் பார்க்கவில்லை. ஆனால் "சரிப்பா" என்றாள். இன்னொரு காலிலும் பூட்ஸை மாட்டிக்கொண்டாள். கயிற்றைக் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

அந்த வீட்டில் சின்னது, பெரிசு என்றால் வேறு எதுவும் இல்லை, ப்ரைமர்தான். தோட்டாவின் அடியில் நட்டநடுவே ஒரு பருப்பளவுக்குப் பதிந்திருக்கும் உலோகப் பொட்டு. துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி அதைக் குத்தும், அது ஒரு பொறியைக் கக்கும், அந்தப் பொறி பித்தளைக் கூட்டுக்குள் இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். கடையில் தோட்டா வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. வீட்டிலேயே தோட்டா அடைக்கிறவர்களுக்கு முதல் கேள்வியே அதுதான்: சின்னதா, பெரிசா? சின்னப் பொட்டுக்குச் சின்னக் குழி உள்ள கூடு. பெரிய பொட்டுக்குப் பெரிய குழி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கூடும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். அடியைத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். ஒன்றுக்கு மற்றது ஆகாது. ப்ரின் ஆறு வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து கூடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பிரித்துப் போட்டவள். இந்தப் பதினைந்து வயதில் அவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் தடவியே சொல்லிவிடுவாள்.

சின்னக் குழிக் கூடுகள் எல்லாவற்றையும் அப்பா போன வாரம் பக்கத்துப் பண்ணை ஆர்விலுக்குக் கொடுத்துவிட்டார். கார் ஷெட்டின் மேஜைமேல் வருடக்கணக்காக அடுக்கியிருந்த பெட்டிகள். ஒவ்வொரு கூட்டையும் எடை போட்டு, ஒத்த எடையுள்ளவற்றை ஒன்றாகச் சேர்த்து, கழுத்தைச் சீவி, குழியைச் சுரண்டி, தன் போட்டித் துப்பாக்கிக்கென்று அவர் பழக்கி வைத்திருந்தவை. ஒரு வார்த்தை பேசாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார். இப்போது ஷெட்டில் மிச்சம் இருப்பது கூடு இல்லாத போட்டித் துப்பாக்கி, தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி, ஒரு டப்பா மருந்து, கொஞ்சம் குண்டு, ஒரு டின் நிறைய காலிக் கூடுகள். எல்லாம் பெரிய குழி. அடைத்த தோட்டா ஒன்றுகூட இல்லை. அவள் பார்த்துவிட்டாள். கோட்டுப் பைகள், லாரியின் சீட்டுக்கு அடியில், அம்மாவின் தையல் பெட்டிவரைக்கும் பார்த்துவிட்டாள்.

எல்க் மான் வேட்டைப் பருவம் முடிந்து இரண்டு ஞாயிறு ஆகிறது.

வேலியை ஒட்டி நடந்தால் ஆர்வில் வீடு ஒரு மைல்கூட இருக்காது. காற்று இல்லை. பனி மேலே ஓடுகட்டி, ஒவ்வொரு அடிக்கும் முறுக்கு உடைகிற மாதிரி நொறுங்கியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் அப்பா நின்றிருந்தார். கையை உயர்த்தி ஆட்டினார். அவர் கையாட்டுகிற மனுஷனே இல்லை.

அண்ணன் கோல்டருக்குப் பத்தொன்பது வயது. கோடையில் அறுநூறு கெஜத்தில் அவன் சுட்ட ஐந்து தோட்டாவும் ஒரு காப்பிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. எல்லாம் சின்னக் குழிக் கூட்டில் அடைத்தவை. அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். பெரிசு மருந்தைக் கத்தி எழுப்பும், சின்னது தோளைத் தட்டி எழுப்பும் என்பார். கத்தி எழுப்பினால் ஒருநாள் ஒரு மாதிரி எழுந்திருக்கும். தட்டி எழுப்பினால் தினமும் ஒரே மாதிரி எழுந்திருக்கும். குறி என்பது அவ்வளவுதான், தினமும் ஒரே மாதிரி எழுந்திருப்பது. ஆனால் வேட்டைக்கு என்று வந்தால் அவர் பெரிசைத்தான் போடுவார். குளிரில் மருந்து ஆழமாகத் தூங்கும், தோளைத் தட்டினால் போதாது என்பார். அந்த இலையுதிர் காலத்தில் கோல்டர்தான் நச்சரித்தான். இவ்வளவு நன்றாக அடிக்கிற கூட்டை வைத்துக்கொண்டு மானுக்கு மட்டும் ஏன் மட்டமானது என்றான். அப்பா யோசித்தார். அப்புறம் இருவருமாகச் சேர்ந்து இருபது தோட்டா அடைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் வைத்தார்கள். பட்டாணிப் பைக்கும் ரொட்டிக்கும் நடுவில். "என் சமையக்கட்டு என்ன ராணுவக் கெடங்கா?" என்று அம்மா கத்தினாள். மறுநாள் அவற்றை ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய்ச் சுட்டார்கள். இருபதும் சுருக்கென்று வெடித்தன. அப்பா "சரி" என்றார். அந்தச் 'சரி'யை அவர் இப்போது உடம்பில் எந்த இடத்தில் வைத்துக்கொண்டு திரிகிறார் என்று ப்ரின்னுக்குத் தெரியவில்லை.

ஃப்ரீசரின் குளிர் பூஜ்யம் டிகிரி ஃபாரன்ஹீட். வேட்டைப் பருவத்தின் கடைசி வாரம் மானுக்காக மேட்டுக்குப் போன அந்தக் காலை பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.

விசையை இழுத்தால் வெடிக்காமல் வெறும் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏ பி சி டிக்கு முன்னால் சொல்லிக் கொடுக்கப்படுவது. அசையாதே. குழாயை முன்பக்கமே நீட்டி வைத்திரு. முப்பது எண்ணு. உள்ளே செத்துப்போயிருக்கலாம், அல்லது கனன்றுகொண்டிருக்கலாம், வெளியிலிருந்து தெரியாது. பொறு. கோல்டருக்கும் அது தெரியும். ஆனால் அதே கைக்கு அப்பா இன்னொன்றும் கற்றுக் கொடுத்திருந்தார். போட்டியில் காற்று உனக்காகக் காத்திருக்காது, எதிரொலி திரும்பி வருவதற்குள் குழாயின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை இழுத்து அடுத்த தோட்டாவைப் போட்டிருக்க வேண்டும். ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை. அன்றைக்கு 'டிக்' கேட்டவுடன் கோல்டரின் புத்தி பொறு என்று சொல்லியிருக்கும். கை அதற்கு முன்னால் போய்விட்டது. போல்ட் திறந்து கூடு பாதி வெளியே வந்தபிறகு மருந்து எழுந்தது. பித்தளை கிழிந்து முகத்தில் அடித்தது. வலது கண் போய்விட்டது. குறி பார்க்கிற கண்.

அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மட்டும் திரும்பி வந்து, சட்டையில் காய்ந்த ரத்தத்தோடு ஷெட்டில் நின்றுகொண்டு ப்ரின்னிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். "பொறுன்னு சொல்ல வாயத் தெறந்தேன்." அதற்கப்புறம் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. பில்லிங்ஸ் டவுன் ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பவும் போகவில்லை. அம்மா போன் செய்தால் மாடு என்பார், பனி என்பார், ரோடு என்பார்.

இதெல்லாம் துக்கம். துக்கத்தில் ஒரு மனுஷன் சின்னக் குழிக் கூடுகளைக் கண்ணெதிரே வைத்திருக்கப் பிடிக்காமல் கொடுத்துவிடலாம். ப்ரின் தனக்குத் தானே அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளச் சொல்லிக்கொள்ள வேட் சித்தப்பாவின் முகம் வந்து நின்றது. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது ஒரு இலையுதிர் காலத்தில் சித்தப்பா வீடு வீடாக வந்தார். கோல்டருக்குத் தன் சேணத்தைக் கொடுத்தார். அவளுக்கு மான்கொம்புப் பிடி போட்ட கத்தி. ஆர்விலுக்குத் தன் நாய். நன்றாக மழித்திருந்தார், ஜோக் அடித்தார், அவளைத் தூக்கிச் சுற்றினார். அவரைப் புதைத்த பிறகுதான் எல்லோரும் சொன்னார்கள், நமக்குத் தோணியிருக்கணும் என்று. அந்த வார்த்தையை மட்டும் யாரும் இன்றுவரை சொன்னதில்லை. 'வேட் போன வருஷம்' என்றுதான் சொல்வார்கள், ஏதோ அலாஸ்காவுக்கு வேலைக்குப் போனவர் மாதிரி.

ஆர்வில் தன் பட்டறையில் இருந்தார். விறகு அடுப்பு கனன்றது. அதன் முன்னால் கிழட்டு நாய் பட்டன் சாக்கின்மேல் படுத்திருந்தது, தலையைத் தூக்காமல் வாலை மட்டும் ஒருமுறை தரையில் அடித்தது. வேட் சித்தப்பாவின் நாய். ஆர்வில் கல்யாணம் ஆகாத மனுஷன், எழுபதைத் தொட்டவர். மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டியிருந்தார்.

"கதவச் சாத்து, வாண்டு. மொன்டானா பூரா குளிரையும் நீயே கூட்டிட்டு வருவியா?"

சாத்தினாள்.

"பய எப்படி இருக்கான்?"

"பேசறான். இடது கண்ணால சுடப் பழகறானாம். நர்ஸோட பேனாவ வெச்சுக் குறி பாத்துட்டுக் கெடக்கானாம்."

"அவன் அடங்க மாட்டான்." ஆர்வில் சிரித்தார். பிறகு மேஜையின் ஓரத்தைக் காட்டினார். அப்பாவின் பெட்டிகள் அங்கே அப்படியே, திறக்காமல், அடுக்கி வைத்த கோலத்தில் இருந்தன. "வந்தது வந்த, உங்கப்பன்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லு. இதையெல்லாம் நான் என்ன பண்றது? ஊறுகா போடறதா?"

"ஏன்?"

"ஏன்னா? நீ மெர்லோட பொண்ணுதானே? இதெல்லாம் அவன் துப்பாக்கிக்குள்ளயே வெடிச்சு வெடிச்சு அதோட அளவுக்குப் படிஞ்ச கூடு. பத்து வருஷம் அவன் கால் பழகின பூட்ஸ எனக்குக் குடுத்தா நான் எப்படி நடக்கறது? நசுக்கி அளவ மாத்தலாம். மாத்தினா அவன் பட்ட பாடெல்லாம் வீண். துப்பாக்கி அங்க, கூடு இங்க. ஒரு கிறுக்கன்கூட இப்படிப் பண்ண மாட்டான். கோவம் தணிஞ்சதும் வந்து கேப்பான், குடுத்துருவோம்னு தொடாம வெச்சிருக்கேன்."

ப்ரின் நாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். இந்த மனுஷனிடம் சொல்லலாம். ஆனால் எதைச் சொல்வது? அப்பா முகம் மழித்தார் என்றா? கோப்பை கழுவினார் என்றா? கையாட்டினார் என்றா? வாயால் சொன்னால் சிரிப்பாகத்தான் இருக்கும். சொல்லிவிட்டால் அப்புறம் அது உண்மையாகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

"சரி, எதுக்கு வந்த?"

"ப்ரைமர். ஒரு தட்டு. அப்பா கேட்டாரு."

"அதானே பாத்தேன். சின்னப் பிள்ளைய அனுப்பினா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்னு அனுப்பியிருக்கான்." எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேல் அலமாரிக்குக் கையை நீட்டினார். "சின்னதா, பெரிசா?"

வழியெல்லாம் அவள் யோசித்தது வெறுங்கையோடு திரும்புவதைப் பற்றித்தான். இல்லை என்று சொல்லிவிட்டார் என்று சொன்னால் அப்பா தானே கிளம்பி வருவார், அல்லது டவுனுக்குப் போவார். அவருக்கு வழியா இல்லை. இந்தக் கேள்வியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், பதில் சொல்லியிருக்கிறாள். ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை.

"சின்னது" என்றாள்.

நீட்டிய கை அலமாரியிலேயே நின்றது. ஆர்வில் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தார்.

"சின்னத வெச்சு என்ன பண்ணப் போறான்? சின்னக் குழிக் கூடு பூரா இங்கல்ல கெடக்கு."

அவள் கையை நீட்டினாள்.

"மாத்திச் சொல்றியா, வாண்டு? மெர்ல் பொண்ணுக்கே சின்னது பெரிசு கொழம்பிருச்சுன்னு நாளைக்குச் சுடற ரேஞ்சுல போயி சொல்லட்டுமா?"

"கொழம்பல. சின்னது குடுங்க."

"அவன் என்ன கேட்டான்?"

அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

"பெரிசு கேட்டானா?"

அவள் தலை அசைந்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆர்வில் கையை இறக்கினார். "சீசன்தான் முடிஞ்சிருச்சே" என்று சொன்னார், அவளிடம் இல்லை, யாரிடமோ கணக்குக் கேட்பது மாதிரி. அவர் பார்வை மேஜையோரப் பெட்டிகளுக்குப் போனது. பத்து வருஷம் கால் பழகின பூட்ஸ். அங்கிருந்து மெல்ல இறங்கி அடுப்பருகே வந்து நாயின்மேல் நின்றது. பட்டன் ஒற்றைக் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. ஆர்வில் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். கழற்றியதும் அவர் முகம் ரொம்பக் கிழடாக இருந்தது.

"இந்த நாய எறக்கி விட்டுட்டு வேட் இங்கதான் ஒக்காந்தான். அந்த ஸ்டூல்ல. காப்பி குடிச்சான், ரெண்டாவது கோப்பையும் கேட்டான். நல்லா சிரிச்சான்." தொண்டையைச் செருமினார். "நான் அவனுக்குத் தேங்க்ஸ் சொன்னேன், ப்ரின். நல்ல நாய் குடுத்தியேன்னு தேங்க்ஸ் சொல்லி அனுப்பி வெச்சேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. குனிந்து நாயின் தலையில் கை வைத்தாள்.

"வீட்டுல அடைச்ச தோட்டா ஏதாச்சும்?"

"இல்ல. எல்லா எடமும் பாத்துட்டேன். மருந்து இருக்கு, குண்டு இருக்கு, பெரிய குழிக் கூடு இருக்கு. அது மட்டும்தான் இல்ல."

ஆர்வில் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார். கோட்டின் ஒரு கை அகப்படாமல் தடுமாறினார். "லாரி ராத்திரியிலிருந்து உறைஞ்சு கெடக்கு. சூடேத்திக் கெளப்ப நேரமாகும். நீ இங்கயே இரு, சேர்ந்து போவோம்."

"நேரமாச்சுன்னா அவர் பாட்டுக்குக் கெளம்பி டவுனுக்குப் போயிருவாரு. நான் வயல் வழியா நடக்கறேன்."

"நடந்து போயி?"

"சின்னத அவர் கையில குடுப்பேன்."

"கேட்டது பெரிசு. நீ சின்னத நீட்டினா, அவன் என்ன நெனப்பான்?"

"நான் மாத்தி வாங்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்."

ஆர்வில் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியை எடுத்து அவள் கையுறைக்குள் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். "அவன் பக்கத்துலயே நில்லு. எதுவும் பேச வேண்டாம். நின்னா போதும்."

திரும்பி நடக்கும்போது அந்தப் பெட்டி பையில் எடையே இல்லாமல் இருந்தது. அதுதான் கோல்டரின் கண்ணைக் கொண்டுபோனது. அதே பொட்டு, அதே அளவு. அதைக் கொண்டுபோய் அப்பாவின் முன்னால் வைப்பது புண்ணில் விரலை விடுகிற வேலை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர் அடித்தாலும் அடிக்கலாம், அவர் அவளை அடித்ததே இல்லை. அடித்தால் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பாதி வழியில் ஓடத் தொடங்கினாள். பனியின் மேலோடு உடைந்து கால் முழங்கால்வரை இறங்கியது, எழுந்தாள், ஓடினாள். வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. காதைத் தீட்டிக்கொண்டே ஓடினாள், எந்தச் சத்தமும் கேட்டுவிடக் கூடாது என்று. கிடாரிகள் தீனிக்காகக் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்னும் வைக்கோல் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அப்பா ஷெட்டில் இருந்தார். விளக்கைப் போட்டிருந்தார். மேஜையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார். மருந்து டப்பாவும் தராசும் ஒரு பக்கம். நடுவில் தாத்தா துப்பாக்கியின் காலிக் கூடு நின்றது. தேய்த்துப் பளபளவென்று, குழியைச் சுரண்டி, கழுத்தைச் சீவி, போட்டிக்குத் தயார் செய்கிற அதே கவனத்தோடு தயார் செய்யப்பட்டிருந்தது. ரெண்டு மூணு என்று சொல்லியிருந்தார்.

ஒன்றுதான் நின்றது.

"ஓடி வந்தியா? மூச்சு வாங்குது." அப்பா கையை நீட்டினார். "குடுத்தானா கஞ்சன்?"

அவள் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். கையில் கொடுக்க முடியவில்லை. அவர் எடுத்து மூடியைத் திறந்தார். அவருக்கு எழுத்தைப் படிக்கத் தேவையில்லை, உள்ளே அடுக்கியிருந்ததைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முகத்தில் முதலில் வந்தது எரிச்சல், தப்பான சாமானைக் கொண்டுவந்த கடைப்பையனைப் பார்க்கிற எரிச்சல். பிறகு அது போய்விட்டது. போன இடத்தில் வேறெதுவும் வரவில்லை.

"இது சின்னது."

"தெரியும்."

"நான் கேட்டது பெரிசு."

"தெரியும்ப்பா."

"ஆர்வில் மாத்திக் குடுத்துட்டானா?"

"நான்தான் சின்னது கேட்டேன்."

அப்பா ஒரு பொட்டை விரல்நுனியில் எடுத்தார். இன்னொரு கையால் அந்தக் கூட்டை எடுத்துத் திருப்பி, அடியிலிருந்த குழியில் அந்தப் பொட்டை வைத்தார். பெரியவன் செருப்பில் குழந்தையின் கால் மாதிரி அது குழிக்குள் ஒரு ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. கூட்டை நிமிர்த்தினார். பொட்டு கழன்று மேஜைமேல் விழுந்தது, ஒரு சின்ன உலோகச் சத்தம். குனிந்து எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி நிமிர்த்தினார். மறுபடி விழுந்தது. என்ன நடக்கும் என்று தெரியாதவர் மாதிரி மூன்றாம் முறையும் செய்தார். அது உருண்டு மேஜை விளிம்புக்குப் போனது. ப்ரின் உள்ளங்கையை வைத்துத் தடுத்தாள்.

"எத்தன நாளா உனக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவள் நிறையச் சொல்ல நினைத்திருந்தாள். கோல்டர் நர்ஸின் பேனாவைக் குறி பார்ப்பதை, அப்பா வந்து ஸ்கோர் பார்க்கலன்னா நான் ஏமாத்திருவேன்னு சொல்லு என்று அவன் போனில் சொன்னதை, வேட் சித்தப்பா கொடுத்த கத்தியை ஒருமுறைகூட விரித்ததில்லை என்பதை. வெளியே வந்தது ஒன்றுதான்.

"பொறு, அப்பா."

அப்பாவின் வாய் லேசாகத் திறந்தது. அந்தக் காலையில் மேட்டின்மேல் அது எப்படித் திறந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அவர் கூட்டைக் கீழே வைக்கவும் இல்லை, கையில் இறுக்கவும் இல்லை. அவர் அசையவில்லை. அவளும் அசையவில்லை. மேஜையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருவரும் அப்படியே நின்றார்கள். உள்ளே செத்துப்போயிருக்கிறதா, இன்னும் கனன்றுகொண்டிருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தாள். எத்தனைவரை எண்ண வேண்டும் என்று இதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

தூரத்தில், வேலிக்கு அப்பால், ஒரு பழைய லாரி இருமி இருமிக் கிளம்பும் சத்தம் கேட்டது. நின்றுவிட்டது. மறுபடி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் அதன் வெளிச்சம் ஷெட்டின் உறைந்த ஜன்னலில் மஞ்சளாகப் பட்டு, மேஜைமேல் பெட்டிகள் அடுக்கியிருந்த வெற்றிடத்தில் நகர்ந்து, தாத்தா துப்பாக்கி நின்ற மூலையைக் கடந்து, அப்பாவின் மழித்த கன்னத்தில் வந்து நின்றது. ஒட்டியிருந்த காகிதத் துணுக்கில் ஒரு சிவப்புப் புள்ளி. வெளியே லாரிக் கதவு அறைந்தது. ஒரு கிழட்டு நாய் பனியில் மூச்சிரைத்துக்கொண்டு வந்து, ஷெட்டின் கதவை அடியில் நகத்தால் பிறாண்டத் தொடங்கியது.